படியில்லாத வீடு

போர்க்களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதிலே பொறித்து, மயிற்பீலி சூட்டி வழிபட்டவர் பழந்தமிழர். முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை விழுப்புண் எனப் போற்றியதும் அவர்தம் மரபே. ஆயினும், காலையோ கண்ணையோ களத்திலே கொடுத்துவிட்டு உயிரோடு ஊர் திரும்பியவன் அதன்பின் எவ்வாறு வாழ்ந்தான், எத்தகைய வீட்டில் வாழ்ந்தான் என்பது பற்றிப் பழைய பாடல்கள் அதிகம் பேசுவதில்லை. இக்குறை தமிழருக்கு மட்டும் உரியதன்று. மாண்டவரை நினைவுகூர்தல் எல்லா நாடுகளுக்கும் எளிதான செயல். நினைவுத்தூணை ஒருமுறை எழுப்பிவிட்டால், ஆண்டுக்கொருமுறை மலர்வளையம் சாத்தினாற் போதும். உயிரோடு மீண்டவருக்கோ நாள்தோறும் உணவு வேண்டும், மருந்து வேண்டும், பிறர் தூக்கிவிடாமல் தாமே உள்ளே சென்று தாமே வெளியே வரக்கூடிய ஒரு வீடும் வேண்டும்.

அந்த வீட்டை அவருக்கு எவ்வாறு கிடைக்கச் செய்வது என்னும் வினாவுக்கு உலக நாடுகள் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன. அவற்றுள் இரண்டொரு நாடுகளின் அனுபவத்தை எடுத்து ஆராய்வது பயனுடையது. போர்வீரருக்காகத் தொடங்கிய அம்முயற்சிகளில், முதுமையாலும் நோயாலும் நடை இழந்த எல்லா மக்களுக்கும் உரிய பாடங்கள் அடங்கியுள்ளன.

அரசன் கட்டிய மாளிகைகள்

ஐரோப்பாவில் இதற்கு முதலிற் கிடைத்த விடை, வீரர் அனைவரையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ப்பதாகும். பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி 1670ஆம் ஆண்டிலே கட்டளை பிறப்பித்துப் பாரிஸ் நகரில் 'இன்வலீட்' என்னும் பெரும் விடுதியை எழுப்பினான். அதனைக் கண்டு இங்கிலாந்தின் இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் 1682இல் இலண்டனின் செல்சியாப் பகுதியில் அரச மருத்துவமனை என்ற பெயரோடு மற்றொன்றைத் தொடக்கினான். 1692இல் அதன் முதற் குடியிருப்பாளர் உள்ளே வந்தனர். செங்கோட்டு அணிந்த செல்சியா முதியவர்களை இலண்டன் மாநகரில் இன்றும் காணலாம்.

தெருவிலே இரந்துண்ட வீரருக்கு இம்மாளிகைகள் பேருதவியாயின என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றுக்கு ஒரு விலை இருந்தது. செல்சியாவிலே தங்குபவர் தமக்குரிய படை ஓய்வூதியத்தைக் கையளித்துவிட வேண்டும். அதற்கு ஈடாக உணவும் உடையும் உறையுளும் கிடைக்கும். மனைவி மக்களோடு கூடிய இல்வாழ்க்கைக்கோ அங்கே இடமில்லை. வீரனுக்குக் கூரை கிடைத்தது, குடும்பம் கிடைக்கவில்லை.

முதலாம் உலகப்போர் இந்த ஏற்பாட்டின் போதாமையை வெளிப்படுத்தியது. திரும்பியவர் பல இலட்சம் பேர். அவருட் பெரும்பாலோர் இளைஞர். நாடகக் கொட்டகைகளின் அதிபரான சேர் ஒஸ்வால்ட் ஸ்டோல் என்பவர் 1916இல் ஓர் அறநிலையத்தைத் தோற்றுவித்து, இலண்டனின் புல்ஹம் பகுதியில் ஊனமுற்ற வீரர் தம் குடும்பத்தோடு வாழ்வதற்குத் தொடர்மாடி வீடுகளை அமைத்தார். லங்காஸ்டர் நகரிலே தோட்டக்கலை வல்லுநரான தோமஸ் மோசன் வரைந்த திட்டப்படி வெஸ்ட்பீல்ட் என்னும் நினைவுக் கிராமம் உருவாயிற்று. 1924இல் அதனைத் திறந்துவைத்தவர் படைத்தலைவர் ஹேக் பிரபு. மாண்டவருக்குச் சிலை வைத்தலோடு அமையாது, மீண்டவருக்கு வீடுகளையே நினைவுச்சின்னமாக எழுப்பிய செயல் பெரிதும் பாராட்டத்தக்கது. அக்கிராமத்தின் நடுவே போர்வீரர் சிலையும் உண்டு. அதனைச் சுற்றிலும் மனிதர் வாழும் இல்லங்களும் உண்டு.

மருத்துவம் திறந்த கதவும் வீடு அடைத்த கதவும்

இரண்டாம் உலகப்போரின் பின் புதியதொரு நிலை தோன்றிற்று. அதற்கு முன் முள்ளந்தண்டிலே காயமுற்று இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவருட் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்ந்ததில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்வழி நோயும் அவர்தம் உயிரைக் கவர்ந்துவிடும். சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்தபின் அந்நிலை மாறியது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையிலே 1944இல் டொக்டர் லுட்விக் குட்மான் தொடக்கிய சிகிச்சை நிலையம், இத்தகையோர் பல்லாண்டு வாழலாம், தொழில் செய்யலாம், விளையாடவும் செய்யலாம் என உலகுக்குக் காட்டிற்று. அமெரிக்க மருத்துவமனைகளிலும் இவ்வாறு உயிர்தப்பிய இளைஞர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர்.

மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்றனர். போவதற்கு வீடு எங்கே? அவர் பிறந்து வளர்ந்த வீட்டின் வாயிலில் நான்கு படிகள். சக்கர நாற்காலியின் அகலமோ ஏறக்குறைய 25 அங்குலம். குளியலறைக் கதவின் அகலம் பெரும்பாலும் அதனினும் குறைவு. படுக்கையறை மேன்மாடியில்; மின்விளக்கின் ஆளி கைக்கெட்டா உயரத்தில். காட்டையும் கடலையும் கடந்து போர்புரிந்து வந்தவனை நான்கு படிக்கற்கள் தடுத்துவிட்டன. நோய் தீர்ந்த பின்னரும் வீடில்லாத காரணத்தால் மருத்துவமனையிலேயே தங்கியவர் பலர்.

அவர்கள் வாளாவிருக்கவில்லை. முடங்கிய கால்களையுடைய அவ்வீரர் தாமே சங்கங்கள் அமைத்து ஒன்றுகூடி, அமெரிக்கக் காங்கிரசிடம் தம் வழக்கை எடுத்துரைத்தனர். அதன் பயனாக 1948இல் ஒரு சட்டம் நிறைவேறிற்று. சக்கர நாற்காலியின்றி இயங்கவியலாத வீரர், தமக்கேற்ற வகையில் வீடு கட்டுவதற்கோ இருக்கும் வீட்டைத் திருத்துவதற்கோ ஆகும் செலவிற் பாதியை, 10,000 டொலருக்கு மேற்படாமல், அரசு நன்கொடையாக வழங்கும் என அச்சட்டம் விதித்தது. அக்காலத்தில் அத்தொகை ஒரு சிறு வீட்டின் விலைக்கு ஒப்பானது. நன்கொடை என்னும் சொல் கருதத்தக்கது. கடனாயின் அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். உழைக்கும் ஆற்றல் குன்றியவனுக்குக் கடன் மற்றொரு சுமையாகிவிடும்.

றொக்போட்டிலே ஓர் இல்லம்

இச்சட்டத்தின் பயனை விளக்குவதற்கு ஒரு வீட்டின் கதையே போதும். இலினோய் மாநிலத்தின் றொக்போட் நகரைச் சேர்ந்த கெனத் லோரன்ட் என்பவர் அமெரிக்கக் கடற்படையிற் சேவை புரிந்தவர். முள்ளந்தண்டிலே தோன்றிய கட்டியை நீக்கச் செய்த சத்திரசிகிச்சையின் பின் அவர் கால்கள் செயலிழந்தன. அவர் மனைவி பிலிஸ், சஞ்சிகை ஒன்றிலே புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான பிராங்க் லொயிட் றைட் அமைத்த வீடொன்றைப் பற்றிப் படித்தார். 1948இல் கணவர் றைட்டுக்குக் கடிதம் எழுதினார். எண்பது வயதைக் கடந்திருந்த அக்கலைஞர் பணியை ஏற்றுக்கொண்டார். அரச நன்கொடையும் துணைநின்றது. 1952இல் தம்பதியர் அவ்வீட்டிலே குடிபுகுந்தனர்.

அவ்வீட்டுக்கு மாடியில்லை, படியுமில்லை. வீட்டின் தரையும் வெளிமுற்றமும் ஒரே மட்டத்திலே தொடர்கின்றன. வில்போல் வளைந்த கண்ணாடிச் சுவர் தோட்டத்தை நோக்கியிருப்பதனால், நாற்காலியில் அமர்ந்தபடியே வீடெங்கும் உலாவிப் பசும்புற்றரையைக் காணலாம். வாயில்கள் அகன்றவை. விளக்கின் ஆளிகளும் கதவின் கைபிடிகளும் தாழ அமைந்தவை. இவையெல்லாம் வசதிகள். இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. விருந்தினர் அமரும் ஆசனங்களையும் றைட் தாழ்வாகவே அமைத்தார். அதனால் அவ்வில்லத்திலே வீட்டுத் தலைவர் எவரையும் அண்ணாந்து பார்க்க வேண்டிய நிலை ஏற்படவில்லை. ஊனமுற்றவனுக்கு வீடு கட்டுதல் என்பது அகலத்தையும் உயரத்தையும் அளப்பதோடு முடிவதில்லை. அவன் மானத்தையும் அளந்தறிந்து கட்ட வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

லோரன்ட் தம்பதியர் அவ்வீட்டில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வாழ்ந்தனர். அங்கேயே பிள்ளைகளை வளர்த்தனர். 2014இல் அது பொதுமக்கள் பார்வைக்குரிய காட்சிச்சாலையாகத் திறந்துவைக்கப்பட்டது.

எல்லோருக்கும் ஒரு றைட் கிடைப்பதில்லை. ஆகவே பெருங்கலைஞரின் உள்ளத்திலிருந்த அறிவைச் சாதாரணக் கொத்தனாரும் பின்பற்றத்தக்க அளவுகளாக வகுக்க வேண்டியிருந்தது. அப்பணியும் வீரரை முன்னிட்டே தொடங்கிற்று. 1948இல் இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் ஊனமுற்ற வீரர் கல்வி கற்க வழிவகுத்தவர் திமோதி நூஜென்ட். அவருடைய ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டு 1961இல் அமெரிக்காவின் முதலாவது கட்டட அணுகல் நியமம் வெளியாயிற்று. கதவு திறந்த நிலையில் இடைவெளி 32 அங்குலம் இருத்தல் வேண்டும். ஓரடி உயரத்துக்கு ஏற வேண்டுமாயின் சாய்தளம் பன்னிரண்டடி நீளம் இருத்தல் வேண்டும். நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடிச் சதுரம் வேண்டும். ஏட்டிலே ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் இவ்வளவுகள் எத்தனையோ மனிதரைச் சிறையினின்றும் விடுவித்தன.

வீட்டுக்கு வெளியே வந்தவனைத் தெருவும் தடுக்கலாகாது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் ஜக் பிஷர் என்னும் ஊனமுற்ற வீரர் ஒருவர் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தார். நடைபாதையின் விளிம்பைச் சந்திகளிலே தாழ்த்தித் தருமாறு 1945இல் அவர் நகரசபையைக் கேட்டார். சபையும் பரீட்சார்த்தமாகச் சில சந்திகளில் அவ்வாறே செய்தது. பின்னாளில் இவ்வழக்கம் பல நாடுகளிற் பரவியது. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாயும், சுமையேற்றிய கைவண்டியைத் தள்ளும் தொழிலாளியும் இன்று அச்சாய்வினால் நலம் பெறுகின்றனர்.

கையிற் காசு

வீடு நுழையத்தக்கதாக இருந்தாற் போதாது. வாங்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். அமெரிக்க அரசு 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகப் போர்வீரரின் வீட்டுக் கடனுக்குத் தானே பிணைநின்றது. முன்பணமின்றியே வீடு வாங்க இயன்றது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் இதனால் இல்லமடைந்தன. ஆனால் பிணைநின்றது அரசாயினும், கடன் கொடுத்தது வங்கி. வீடு விற்றது வணிகர். அவர்தம் உள்ளத்திலிருந்த நிறவேற்றுமையைச் சட்டம் அகற்றவில்லை. 1947இல் மிசிசிப்பி மாநில நகரங்களிலே வீட்டுக்கும் பண்ணைக்கும் தொழிலுக்குமாகப் பிணைநின்று வழங்கப்பட்ட 3,229 கடன்களுள் கறுப்பின வீரருக்குக் கிடைத்தவை இரண்டே. ஒரே போரிற் புண்பட்டவருள் ஒருவன் வீட்டுரிமையாளனாகவும் மற்றவன் வாடகைக் குடியாகவும் ஆனதற்கு இது காரணமாயிற்று. உதவி ஏட்டில் இருப்பது வேறு, உரியவன் கையை அடைவது வேறு என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி வலியுறுத்துகின்றது.

பிற்காலத்தில் வேறொரு துயரமும் தலைகாட்டிற்று. வியட்நாம் போரினின்றும், அதன்பின் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களினின்றும் திரும்பியவருட் பலர் வீடே இல்லாது தெருவில் உறங்கினர். உடற்புண்ணோடு மனப்புண்ணும் மதுப்பழக்கமும் சேர்ந்து அவர்களை அலைக்கழித்தன. 2010இல் எடுத்த கணக்கின்படி ஏறத்தாழ 74,000 முன்னாட் போர்வீரர் வீடற்றிருந்தனர். 2024 சனவரியில் அத்தொகை 32,882ஆகக் குறைந்தது. நாட்டின் மொத்த வீடற்றோர் தொகை பெருகிய காலத்திலே இவர்தம் தொகை மட்டும் பாதிக்குமேற் குறைந்தமை தற்செயலன்று.

அதற்கு முதன்மையான காரணம் 1992இல் தோன்றி 2008 முதல் விரிவடைந்த ஒரு கூட்டுத்திட்டமாகும். வீடமைப்புத் திணைக்களம் வாடகைச் சீட்டை வழங்கும். வீரர் தம் வருவாயில் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கை வாடகைக்குச் செலுத்துவார். எஞ்சியதைச் சீட்டு ஈடுசெய்யும். போர்வீரர் நலத்துறையோ அவரவர்க்கு ஒரு சமூகசேவையாளரை நியமித்து மருந்துக்கும் தொழிலுக்கும் வழிகாட்டும். குடியை விட்டுவிட்டு வா, நோயைத் தீர்த்துக்கொண்டு வா, அதன்பின் வீடு தருவோம் என்று இத்திட்டம் சொல்லவில்லை. வீட்டை முதலிற் கொடுத்தது. உறங்குவதற்கு இடமும் பூட்டுவதற்குக் கதவும் கிடைத்தபின் மனிதன் மருத்துவரின் சொல்லைக் கேட்கிறான்.

இத்திட்டத்திலும் ஒரு முரண் நெடுங்காலம் இருந்து வந்தது. ஊனத்துக்காக அரசு தரும் இழப்பீட்டுப் பணமும் வருமானமாகவே கணக்கிடப்பட்டது. ஊனம் கடுமையாயின் இழப்பீடு மிகும். இழப்பீடு மிகுந்தால் வருமான எல்லையைத் தாண்டும். எல்லையைத் தாண்டினால் வாடகைச் சீட்டு இல்லை. ஆகவே மிகுந்த ஊனமுற்றவனே உதவியை இழக்க நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் இவ்விதி திருத்தப்பட்டது. தகுதியைத் தீர்மானிக்கும்போது அவ்விழப்பீட்டைக் கணக்கிற் சேர்க்கலாகாது என வீடமைப்புத் திணைக்களம் அறிவித்தது. விதியை எழுதியவர் தீயவர் அல்லர். ஆயினும் ஓர் அலுவலகத்தின் நன்மை மற்றோர் அலுவலகத்தின் கணக்கிலே தடையாக மாறிவிடக்கூடும் என்பதை இதனால் அறியலாம்.

உதவி செய்யும் முறை

1948ஆம் ஆண்டு நன்கொடை இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் உச்சத்தொகை 2024ஆம் நிதியாண்டில் 117,014 டொலர். 2020இல் நிறைவேறிய சட்டத்தின் பயனாக, அத்தொகை முடியும்வரை ஒருவர் அதனை ஆறு தடவைகளிற் பெற்றுக்கொள்ளலாம். இவ்வேற்பாடு அறிவுடையது. இருபத்தைந்து வயதில் தாய் வீட்டில் ஒரு சாய்தளம் போதும். திருமணமானபின் வேறு வீடு, வேறு சமையலறை. அறுபது வயதிலே தோள்வலி வந்தபின் தூக்கிவிடும் பொறி தேவைப்படும். ஊனம் ஒன்றேயாயினும் வாழ்க்கை மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் பணத்தை ஒதுக்குவதோடு காரியம் நிறைவேறிவிடுவதில்லை. முதலாவது, உரிமை தமக்குண்டு என்பதை வீரர் அறிதல் வேண்டும். ஊனம் படைச்சேவையால் நேர்ந்தது என்பதற்கான பத்திரங்கள் ஒழுங்காயிருத்தல் வேண்டும். இவ்விடயத்தில் முன்னாட் போர்வீரர் சங்கங்களின் சேவை உத்தியோகத்தர் கூலி வாங்காமலே விண்ணப்பங்களை எழுதி உதவுகின்றனர். இரண்டாவது, தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் அவ்வீட்டுக்கே சென்று, வீரர் எங்கே கை நீட்டுகிறார், எங்கே திரும்ப இடரடைகிறார் என்று நேரிற் காணல் வேண்டும். அளவுநூலில் உள்ள எண் பொதுவானது. இந்த மனிதனுடைய கையின் நீளம் இவனுக்கே உரியது. மூன்றாவது, ஒப்பந்தகாரருக்குப் பணம் முழுவதையும் முன்னரே கொடுத்துவிடாது, வேலை நிறைவேறும் படிமுறைக்கேற்பக் கொடுத்தல் வேண்டும். நான்காவது, வாடகை வீட்டிலே வாழ்பவர் தம் உரிமையை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நியாயமான திருத்தங்களைச் செய்யவிடாது வீட்டுக்காரர் மறுக்கலாகாது. தனியார் வீடுகளைப் பொறுத்தவரை செலவு பெரும்பாலும் குடியிருப்பவரையே சாரும். நான்கும் அதற்கு மேற்பட்டும் வீடுகளைக் கொண்ட புதிய கட்டடங்கள் தொடக்கத்திலேயே சக்கர நாற்காலி செல்லத்தக்கனவாக அமைதல் வேண்டும் எனவும் அச்சட்டம் கூறுகின்றது.

இந்த இறுதிச் செய்தியே எல்லாவற்றினும் சிக்கனமான வழி. கட்டிய சுவரை இடித்துக் கதவை அகலமாக்குவது பெருஞ்செலவு. கட்டும்போதே ஆறு அங்குலம் கூட்டி வைப்பதற்கு மேலதிகச் செலவு மிகச் சொற்பமே.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஊனமுற்றோர் உரிமையைப் பாதுகாக்கின்றது. 2006இல் வெளியான ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களிலே அவர்க்கு நுழைவு வழி அமைக்கப் பணிக்கின்றன. குடியிருக்கும் வீடு பெரும்பாலும் அவரவர் அறிவுக்கே விடப்பட்டுள்ளது. மழைவெள்ளத்துக்கு அஞ்சி உயர்த்திய அத்திவாரம், அதன்மேல் மூன்று படி, அதற்குமேல் நிலைப்படி, வளவின் கோடியிலே மலகூடம், கிணற்றடியிலே பாசி படிந்த கல் என்பன இங்குள்ள பழைய வீடுகளின் இயல்பு. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்த தந்தையும், முழங்கால் தேய்ந்த பாட்டியும், கண்ணிவெடியிற் காலிழந்த இளைஞனும் இவ்வீடுகளில் வாழ்கின்றனர். புதிதாக வீடு கட்ட எண்ணும் ஒருவர் அத்திவாரம் வெட்டுமுன் மேசனாரிடம் மூன்று வினாக்களைக் கேட்டால் நன்று. ஒரு வாயிலிலாவது படிக்குப் பதிலாகச் சாய்தளம் அமைக்கலாமா? குளியலறைக் கதவினூடே சக்கர நாற்காலி செல்லுமா? கீழ்த்தளத்தில் ஓர் அறையும் மலகூடமும் அடுத்தடுத்து அமையுமா? இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைப்பின், அவ்வீடு அதிலே வாழ்வோர் முதுமையடையும்போதும் அவர்களைக் கைவிடாது.

தமிழிலே வீடு என்னும் சொல் 'விடு' என்பதினின்றும் பிறந்தது. உழைத்துக் களைத்தவன் வேலையை விட்டுத் தங்குமிடமும் வீடே. பந்தம் நீங்கிய விடுதலையும் வீடே. தன் வீட்டு வாயிலைத் தானே கடக்கவியலாத ஒருவனுக்கு அக்கட்டடம் இவ்விரு பொருளிலும் வீடாகாது. போரிலே உடலின் ஒரு பகுதியைக் கொடுத்து வந்தவனுக்கு நாடு திருப்பிக் கொடுக்கக்கூடியது மிகச் சிலவே. இழந்த காலை எந்தத் திறைசேரியாலும் வழங்கவியலாது. அகன்ற கதவு ஒன்றும், மெல்லச் சரியும் தளம் ஒன்றும், அவன் வருவாய்க்கு ஏற்ற வாடகையும் கொடுக்கக்கூடியவை. அவற்றை அவன் பலமுறை கேட்டு நிற்க வைக்காமல் உரிய காலத்திலே கொடுப்பது, எந்த அரசுக்கும் எந்த ஊருக்கும் உரிய கடமையாகும்.